பொத்தான்களின் திணைப் பாகுபாடு: உயர்தெளிவு ஹேண்டிகேமும் கிளாவரையின் மூடுபனியும்

ஆய்வுச் சுருக்கம்

2003 முதல் 2007 வரை வீட்டுப் பயன்பாட்டுக்கென வெளிவந்த உயர்தெளிவு ஹேண்டிகேம்களின் வடிவமைப்பை இக்கட்டுரை ஒரு பிரதியாகக் கொண்டு வாசிக்கிறது. சோனி எச்.டி.ஆர்-எச்.சி.1, எச்.சி.3, கேனன் எச்.வி.20 ஆகிய மாதிரிகள் முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றின் தானியங்கி வசதிகள் எத்தகைய நிலத்தையும் எத்தகைய மனிதரையும் இயல்பெனக் கருதுகின்றன என்பது கொடைக்கானல் மேல்மலையிலுள்ள கிளாவரையின் தட்பவெப்பத்தையும் உழைப்பையும் உரைகல்லாக வைத்து ஆராயப்படுகிறது. முதல், கரு, உரி என்னும் தொல்காப்பிய வரிசை இவ்வாய்வுக்கு அளவுகோலாகிறது.

திறவுச்சொற்கள்: ஹேண்டிகேம், உயர்தெளிவு, எச்.டி.வி., முதற்பொருள், உரிப்பொருள், திணைமயக்கம், மூடுபனி, கிளாவரை.

முன்னுரை

தமிழில் நுகர்பொருள் கருவிகளைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் விலை, வசதிப் பட்டியல், வாங்கலாமா கூடாதா என்னும் பரிந்துரை ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறது. மறுபுறம், திரைப்படத் திறனாய்வு கேமராக் கோணத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. கேமரா என்னும் பொருளைப் பற்றிப் பேசுவதில்லை. எழுதுகோலின் முனை எழுத்தின் வடிவை ஓரளவு தீர்மானிக்கிறது என்பதை ஓலைச்சுவடி படித்தவர்கள் அறிவர். புள்ளியில்லா மெய்யெழுத்தும் ஓலையின் அகலத்துக்கேற்ப முறியும் வரியும் ஏடெழுதியவரின் விருப்பத்தால் மட்டும் நேர்ந்தவை அல்ல. காட்சிப் பதிவுக் கருவிக்கும் இதே கவனத்தைக் கொடுக்கலாம்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகச் செல்லும் மேல்மலைச் சாலையின் கடைக்கோடி ஊர் கிளாவரை. நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். அதற்கு அப்பால் மலை கேரளத்து வட்டவடைப் பக்கமாக இறங்குகிறது. படித்தட்டு நிலங்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து வரும். மார்கழி, தையில் உறைபனி விழும்.

இவ்வூர் அழகானது என்பதற்காக இங்கே தேர்ந்துகொள்ளப்படவில்லை. கொடைக்கானலின் அழகைக் காட்டும் படங்களுக்குப் பஞ்சமில்லை. 1991இல் வெளிவந்த ‘குணா’ ஒரு குகைக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டது. 2024இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அக்குகையை மீண்டும் பேசுபொருளாக்கியது. பார்வைமுனைகளின் கொடைக்கானல் வேறு, மேல்மலை வேறு. கிளாவரையின் காற்றும் வேலையும் ஒரு ஹேண்டிகேம் தன்னுள் வைத்திருக்கும் முன்முடிவுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துவிடுகின்றன என்பதே தேர்வுக்குக் காரணம்.

எடுத்துக்கொண்ட கருவிகள்

‘ஹேண்டிகேம்’ என்பது சோனி நிறுவனத்தின் வணிகப்பெயர். தமிழ்நாட்டில் அது உள்ளங்கையில் அடங்கும் எல்லா வீடியோ கேமராக்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இக்கட்டுரையும் அப்பொருளிலேயே ஆள்கிறது.

2003இல் கேனன், ஷார்ப், சோனி, ஜேவிசி ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி எச்.டி.வி. என்னும் பதிவுமுறையை வகுத்தன. ஏற்கெனவே வீடுகளில் புழங்கிய சிறு டிஜிட்டல் நாடாவிலேயே உயர்தெளிவுப் படத்தைப் பதிவதே அதன் நோக்கம். அதே ஆண்டில் ஜேவிசியின் ஜிஆர்-எச்.டி.1, 2004இல் சோனியின் எச்.டி.ஆர்-எஃப்.எக்ஸ்.1 ஆகியவை வந்தன. முன்னது நுகர்வோர் சந்தையின் முதல் உயர்தெளிவுக் கேமரா. பின்னது தோளுக்கும் கைக்கும் இடைப்பட்ட பெரிய உருவம். 2005இல் வந்த எச்.சி.1தான் உயர்தெளிவை ஒற்றைக் கைக்குள் கொண்டுவந்தது. மூன்றில் ஓர் அங்குல அளவுள்ள ஒற்றைச் சீமாஸ் உணரி, பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. அதில் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. குவியத்தை விரலால் திருப்பிச் சரிசெய்யலாம். வெளி ஒலிவாங்கியைச் செருகவும், பதிவாகும் ஒலியைக் காதில் மாட்டிக் கேட்கவும் துளைகள் இருந்தன.

2006இல் வந்த எச்.சி.3 இன்னும் சிறியது, விலையும் குறைவு. ஆனால் வளையம் போயிற்று. ஒலிவாங்கித் துளையும் காதுக்கருவித் துளையும் போயின. 2007இல் எச்.சி.7 வந்தபோது அத்துளைகள் மீண்டும் இடம்பெற்றன. நடுவிலிருந்த அந்த ஓராண்டு நோக்கத்தக்கது. விலையையும் உருவையும் குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தவுடன் வடிவமைப்பாளர் முதலில் கைவைத்த இடம் ஒலி. உணரியிலோ லென்ஸிலோ உயர்தெளிவு என்னும் சொல்லைக் கைவிடும் அளவுக்குக் குறைப்பு நிகழவில்லை. எதைக் குறைத்தாலும் பொருள் தன் பெயருக்குரியதாகவே இருக்கும் என்று செய்தவர்கள் நினைத்தார்கள் என்பது இதனால் தெரிகிறது.

கேனன் எச்.வி.20 2007இல் வந்தது. குறைந்த செலவில் படமெடுக்க விரும்பிய தனிப் படைப்பாளிகளிடையே உலகெங்கும் பெயர்பெற்ற மாதிரி இது. எனினும், படமெடுக்கும்போது உணரியின் மின்குறியை எவ்வளவு பெருக்குகிறது என்பதை அது திரையில் காட்டுவதில்லை. எச்.சி.1 ஒருபடி மேல்: துளையின் விரிவையும் மின்குறிப் பெருக்கத்தையும் பிரித்துக் காட்டாமல் ‘ஒளியளவு’ என்னும் ஒற்றை அளவுகோலாக்கிப் பயனர் முன் வைத்தது. என்ன நடக்கிறது என்பதை மறைப்பதே எளிமை என இரு நிறுவனங்களும் கொண்டன.

பொத்தான்களின் திணைப் பாகுபாடு

இக்கருவிகளின் பட்டியலுக்குள் நுழைந்தால் ‘காட்சி வகை’ என்றொரு பகுதி உண்டு. சூழலுக்கேற்ற வகையைத் தொட்டால், அதற்கான ஒளியளவையும் குவியத்தையும் கருவியே அமைத்துக்கொள்ளும். எச்.சி.1இல் உள்ள வகைகள்: மேடை விளக்கு, உருவப்படம், கடற்கரையும் பனிச்சறுக்கும், அந்தியும் நிலவும், நிலக்காட்சி. எச்.வி.20இல் விளையாட்டு, இரவு, பனிப்பொழிவு, வாணவேடிக்கை முதலியன இவற்றோடு சேர்கின்றன.

தமிழ் பயின்றவருக்கு இப்பட்டியல் உடனே எதையோ நினைவூட்டும். இதுவும் ஒரு திணைப் பாகுபாடுதான். நிலம் இருக்கிறது: கடற்கரை, பனிமலை. பொழுது இருக்கிறது: அந்தி, இரவு. அதாவது, தொல்காப்பியம் முதற்பொருள் என வகுத்த நிலமும் பொழுதும் அச்சு மாறாமல் இங்கே உள்ளன. கருப்பொருளில் தொல்காப்பியம் சேர்க்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் ஆகியவற்றுள் எதற்கும் இங்கே இடமில்லை. குறிப்பாகத் தொழிலுக்கு இல்லை. விளையாட்டு, வாணவேடிக்கை, மேடை என விடுமுறை நாளின் செயல்களே உள்ளன. உரிப்பொருளுக்கு அருகில் வருவது ‘உருவப்படம்’ ஒன்றே. அதுவும் மனிதர் அசையாமல் கேமராவைப் பார்த்து நிற்கும் நிலை. மனிதர் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கும் நிலைக்கு ஒரு பொத்தானும் இல்லை.

கருவிக்கு இலக்கணத்தைப் பொருத்துவது வலிந்த ஒப்பீடு என்று மறுக்கலாம். அகத்திணை மரபு பாடலுக்கு வகுக்கப்பட்டது, பதிவுக் கருவிக்கு அன்று என்பது உண்மையே. ஆனால் தொல்காப்பியம் மூன்று பொருளையும் வகுத்ததோடு நிற்கவில்லை. பாடலுள் பயின்றுவரும்போது முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறக்கும் என்று வரிசையும் சொல்கிறது. எதை முன்னிறுத்துவது என்னும் கேள்விக்கு அது அளித்த விடை அது. ஹேண்டிகேமின் வடிவமைப்பாளர்களும் அதே கேள்விக்கு ஒரு விடையை அளித்துப் பொத்தான்களாக அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு விடைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில் வலிவு எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ‘கடற்கரையும் பனிச்சறுக்கும்’ என்பது ஒரே பொத்தான். நெய்தலையும் உயர்மலையையும் ஒன்றாக்கியது எது? இரண்டிடத்திலும் வெண்மை மிகுதி. மணலும் பனியும் வெயிலைத் திருப்பி வீசுவதால் முன்னே நிற்கும் மனிதர் இருண்டுபோவார். அதைச் சரிசெய்ய ஒரே கணக்குப் போதும். உரிப்பொருள்கள் தம்முள் மயங்கலாம், நிலங்கள் மயங்குதல் இல்லை என்பது திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியம் வைத்த எல்லை. ஹேண்டிகேம் அந்த எல்லையைத் தலைகீழாக்கியிருக்கிறது. நிலங்களை அது தடையின்றி மயக்குகிறது, ஏனெனில் நிலம் என்பது அதற்கு வாழ்வு அன்று. திரும்பிவரும் ஒளியின் அளவு.

இப்போது கிளாவரைக்கு வரலாம். மூடுபனிக்கு இப்பட்டியலில் வகை இல்லை. பனிமூட்டத்தினூடே ஒரு முகத்தைச் சரியான ஒளியில் பதிவுசெய்ய விரும்புபவர் தானியங்கியை நம்பினால் முகம் கரியாகும். ‘கடற்கரையும் பனிச்சறுக்கும்’ என்பதை அழுத்தினால் ஓரளவு தேறும். பூண்டு வயலில் நிற்கும் ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டுமானால், அவர் பனிச்சறுக்கு மைதானத்தில் நிற்கிறார் என்று கருவியிடம் பொய் சொல்ல வேண்டும். தமிழில் மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு, பனித்துளி எல்லாம் ‘பனி’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதால், ‘பனிப்பொழிவு’ வகையைத் தமிழ்ப்படுத்தும் ஒருவருக்கு இந்தப் பொய் கண்ணில் படாமலே போய்விடக்கூடும். மொழிபெயர்ப்பு தற்செயலாகச் சரியாகும் அரிய இடங்களுள் இது ஒன்று.

வெண்மையும் முகமும்

மேற்கண்ட பொய் ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஒளியளவுமானி சட்டகத்துக்குள் வரும் ஒளியைச் சராசரியாக்கி, அச்சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குச் சமமாகும்படி துளையைச் சுருக்கும் அல்லது விரிக்கும். ஒளிப்படக் கலையில் நெடுங்காலமாகப் புழங்கும் அந்தச் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்புவது. உலகம் சராசரியாக அவ்வளவு வெளிச்சமானது என்பது கருவியின் நம்பிக்கை. சட்டகத்தில் முக்கால்வாசி மூடுபனியானால் சராசரி ஏறும். கருவி துளையைச் சுருக்கும். பனி சாம்பலாகும், முன்னால் இருப்பவர் கறுப்பாவார். கறுத்த தோல் நடுத்தரச் சாம்பலைவிடக் குறைவாக ஒளியைத் திருப்புவதால் இழப்பு இரட்டிப்பாகிறது.

தோலின் நிறம் கருவியின் கணக்குக்கு வெளியே நிற்பது புதிதன்று. கோடாக் நிறுவனம் வண்ணப்படச் சுருள்களைச் சரிபார்க்க நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணின் படம் கொண்ட ‘ஷர்லி’ அட்டைகளையே பயன்படுத்தியது. டிஜிட்டல் கருவிகள் வந்தபோது அந்த அட்டை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 2009இல் ஒரு மடிக்கணினியின் கேமரா வெள்ளைப் பெண்ணின் முகத்தைத் தொடர்ந்து நகர்ந்து, கறுப்பின ஆணின் முகத்தை அறியாமல் நின்ற காணொலி உலகெங்கும் பேசப்பட்டது.

இங்குக் குறிப்பிடும் மாதிரிகளுக்குப் பின் வந்த ஹேண்டிகேம்கள், முகத்தைத் தானே கண்டறிந்து அதற்கு ஒளியையும் குவியத்தையும் அமைக்கும் வசதியைப் பெற்றன. சிக்கல் தீர்ந்தது என விளம்பரங்கள் அறிவித்தன. ஆனால் முகமறியும் நிரல்களின் அடிப்படை, கண் குழியின் இருளுக்கும் கன்னத்தின் ஒளிக்கும் இடையிலான வேறுபாடு. மூடுபனி முதலில் அழிப்பது அந்த வேறுபாட்டைத்தான். அதைவிடப் பெரிய தடை வேறொன்று: வேலை செய்கிறவரின் முகம் கேமராவை நோக்கி இருப்பதில்லை. பூண்டு நடுகிறவர் குனிந்திருக்கிறார். களை எடுப்பவர் குந்தியிருக்கிறார். குளிருக்குத் தலையில் துணி சுற்றியிருக்கிறது. மூட்டையேற்றிய குதிரையை நடத்திச் செல்பவர் முதுகைக் காட்டுகிறார். வடிவமைப்பு மனிதர் என்று அறிந்திருப்பது கேமராவுக்காக நிமிர்ந்து நின்று சிரிப்பவரை மட்டுமே. இதனைக் கருவியின் குறைபாடு என்பதினும் கருவியின் சமூகவியல் என்பது பொருந்தும். அது விடுமுறையில் இருக்கும் குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது, அந்தக் குடும்பத்தை நன்றாகவே பதிவுசெய்கிறது.

குவியத்திலும் இதுவே நேர்கிறது. எச்.சி.1 போன்றவை படத்தின் விளிம்புகள் எப்போது மிகக் கூர்மையாகின்றன என்று தேடிக் குவியத்தை நிறுத்துகின்றன. விளிம்பே இல்லாத வெண்மையில் அவை முன்னும் பின்னும் அலைகின்றன. லென்ஸுக்குப் பக்கத்தில் தனியாகத் தொலைவறியும் உணரி ஒன்றை வைத்து எச்.வி.20 இத்தேடலைச் சுருக்கப் பார்த்தது, நல்ல முயற்சி. பனி அடர்ந்த நாளில் கைவளையமே தீர்வு. 2005இல் இருந்து 2006இல் எடுக்கப்பட்ட அதே வளையம்.

பதிவுமுறை தனிக் கவனத்துக்குரியது. பழைய டிஜிட்டல் நாடாமுறையில் ஒரு சட்டகத்துக்கு 720க்கு 576 புள்ளிகள். எச்.டி.வி.யில் 1440க்கு 1080. புள்ளிகள் ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்கு கூடின. நாடாவில் விநாடிக்கு எழுதும் அளவோ முன்போலவே 25 மெகாபிட். மிச்சத்தை எங்கே பிடித்தார்கள்? ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியே எழுதாமல், ஒரு சட்டகத்தை முழுதாக எழுதி அடுத்துவரும் பதினொன்றில் மாறியதை மட்டும் எழுதுவது எச்.டி.வி.யின் வழி. இந்தியாவில் வழங்கும் 50 புல முறையில் 12 சட்டகங்கள் ஒரு தொகுதி. அசையாத மலைமுகட்டுக்கு இது மிகச் சிக்கனமான ஏற்பாடு. தூறலில் அசையும் பூண்டுத் தாள்களும், நகரும் பனியும், பாறையில் சிதறும் அருவியும் ஒவ்வொரு கணமும் மாறுபவை. அங்கே கணக்கு திணறிப் படம் சதுரச் சதுரமாக உடைகிறது. நாடாவில் ஒரு சிறு பழுது நேர்ந்தால் தொகுதி முழுவதும், அதாவது அரை விநாடி, போய்விடும். அசையாதவற்றுக்குச் சலுகையும் அசைபவற்றுக்குத் தண்டனையும் கொண்ட இந்த ஏற்பாட்டில், நிலக்காட்சி மறுபடியும் முந்திக்கொள்கிறது.

ஒலியும் அடுப்படியும்

‘உயர்தெளிவு’ என்னும் சொல் காதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பழைய நாடாமுறை ஒலியைச் சுருக்காமல் விநாடிக்கு ஏறத்தாழ 1,536 கிலோபிட் அளவில் எழுதியது. எச்.டி.வி. அதைச் சுருக்கி 384 கிலோபிட்டாக்கியது, நான்கில் ஒன்று. படம் முன்னேறிய அதே ஆண்டில், அதே நாடாவில், ஒலி பின்னுக்குப் போயிற்று. கேட்பவர் காதுக்கு இவ்விழப்பு எளிதில் புலப்படாது என்று பொறியாளர் கூறுவர். இசைக்கும் பேச்சுக்கும் அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் எதிலிருந்து எடுத்து எதற்குக் கொடுத்தார்கள் என்பதில் ஐயமில்லை. எச்.சி.3இல் ஒலிவாங்கித் துளை நீக்கப்பட்டதையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். உரிப்பொருள் பெரும்பாலும் பேச்சில் நிகழ்வது. அகப்பாடல் முழுவதும் கூற்றுகளால் ஆனது. தலைவி, தோழி, செவிலி என யார் யாரிடம் சொன்னது என்பதே அதன் தலைவாயில். தனக்குள்ளே பொருத்திய ஒலிவாங்கியும், ஒலியைத் தானே கூட்டிக் குறைக்கும் பொறியும் மட்டும் கொண்ட கருவி மேல்மலைக் காற்றில் கூற்றைவிடக் காற்றையே நன்கு பதியும். பேச்சு நின்ற இடைவெளியில் பொறி ஒலியைக் கூட்ட, காற்று முழக்கமாகிறது.

பேச்சு வயலில் மட்டும் நிகழ்வதில்லை. குளிர்காலத்தில் ஊர் அடுப்படிக்கு நகர்கிறது. பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டுப் புகைகாட்டிப் பாதுகாக்கும் வழக்கமும் மேல்மலையில் உண்டு. ஆகவே அடுப்பும் புகையும் இருளும் அங்கே வீட்டு வாழ்வாகவும் தொழிலாகவும் ஒருசேர இருக்கின்றன. அங்கே ஹேண்டிகேமுக்கு மூன்று தடைகள். அதன் லென்ஸ் விரிகோண முனையில், ஒளிப்படக் கேமராக் கணக்கில், 40 மில்லிமீட்டருக்கும் மேல்; சிறிய அறையில் இருவரைச் சட்டகத்துக்குள் அடக்கப் பின்னால் போக வேண்டும், பின்னால் சுவர். தொலைவில் உள்ளதைப் பத்து மடங்கு இழுத்துத் தரும் லென்ஸ், அருகில் உள்ளதற்கு இடம் தருவதில்லை. அடுத்தது வெளிச்சம்: உயர்தெளிவுக்காகச் சிறு உணரியில் பல இலட்சம் புள்ளிகளை நெருக்கியதால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைந்தது; மங்கலில் படம் புள்ளிபுள்ளியாக இரைகிறது.

மூன்றாவதை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. குளிர்ந்த வெளியிலிருந்து வெப்பமான அறைக்குள் கொண்டுசெல்லும்போது கருவியின் உட்புறம் ஈரம் படிகிறது. ஈரமான உருளையில் நாடா ஒட்டிக் கிழியும் என்பதால், நாடாக் கேமராக்கள் ஈரத்தை உணர்ந்து எச்சரிக்கை காட்டித் தாமே நின்றுவிடும். ஏறத்தாழ ஒரு மணிநேரம் காத்திருக்குமாறு கையேடு சொல்லும். பொறியியல் நோக்கில் குறையற்ற பாதுகாப்பு. விளைவு என்னவென்றால், கார்த்திகை மாலையில் வயலிலிருந்து வீடு திரும்பும் பெண்ணைப் பின்தொடர்ந்துவந்த கருவி, அவர் அடுப்பை மூட்டி முதல் சொல்லைப் பேசும்போது வாசலோடு நின்றுவிடுகிறது.

குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் உரிமையாக்கிய பெரும்பொழுது கூதிர், முன்பனிக்கும் இடமுண்டு, சிறுபொழுது யாமம். ஐப்பசி முதல் தை வரையிலான ஈரமும் குளிரும், நள்ளிரவும். ஹேண்டிகேம் செயலிழக்கும் சூழல்களைத் தேடித் தொகுத்தால் இதே பட்டியல்தான் வரும். யாமத்துக்குக் கருவி வைத்திருக்கும் ஒரே விடை ‘நைட்ஷாட்’: அகச்சிவப்பு விளக்கை எரித்துச் சில அடித் தொலைவைப் பச்சை நிறத்தில் காட்டுவது. பனியில் அந்த ஒளியும் துளிகளில் பட்டுத் திரும்பிவந்து திரையை வெளுக்கச் செய்யும். பனியில்லா இரவில்கூட அது காட்டும் மனிதர் காவல் கேமராவில் சிக்கியவர் போலவே தோன்றுகிறார்.

2006ஆம் ஆண்டின் பூ

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கொடைக்கானல் மலைகளில் 2006இல் பூத்தது, பிறகு 2018இல். கிளாவரைக்கு அப்பால் கேரள எல்லைக்குள் உள்ள வட்டவடை, கொட்டக்கொம்பூர்ப் பகுதி குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் 2006இல்தான். கையடக்க உயர்தெளிவுக் கேமரா பரவத் தொடங்கிய காலத்தோடு அந்தப் பூப்பு ஒன்றிப்போனது. கருவிக்கு இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு வேறில்லை: பகல், திறந்தவெளி, தொலைவு, அசையாத மலைச்சரிவு. வெள்ளைச் சமன் பனியில் நீலத்துக்குச் சாய்ந்தால் பூவின் ஊதா தப்பிவிடும் என்பது தவிரக் குறை சொல்ல இடமில்லை. குறிஞ்சிப் பூவைப் பதிய முடிந்த கருவியால் குறிஞ்சித் திணையைப் பதிய முடியவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணும் பழக்கம் சுற்றுலாக் காணொலிகளில் மட்டும் இல்லை. குறிஞ்சி பற்றிய கட்டுரைகளிலும் உண்டு. சங்கக் குறிஞ்சியைத் தேடி மேல்மலைக்குப் போகிறவர், அங்கே பூண்டு விலையையும் சாலை வசதியையும் பேசும் உழவர்களைக் காண்கிறார். அவர்களைச் சட்டகத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மலையை நடுவில் வைப்பதற்குக் கருவி மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது.

கருவியைக் கடந்து செய்யக்கூடியவை

இவ்வளவு சொன்னபின் எதிர்வாதத்தையும் பதிவுசெய்ய வேண்டும். சிறு டிஜிட்டல் கேமரா இல்லையென்றால் தமிழ் ஆவணப்படத்தின் கடந்த இருபத்தைந்து ஆண்டு வரலாறு வேறாக இருந்திருக்கும். மதுரையில் மலம் அள்ளும் பணியில் இருந்த ஒரு பெண்ணின் அன்றாடத்தைக் காட்டிய ஆர்.பி. அமுதனின் ‘பீ’ 2003இல் வெளிவந்தது. பெருங்குழுவும் விளக்குகளும் நுழைய முடியாத தெருவில், நுழைய விரும்பாத தெருவில், எடுக்கப்பட்ட படம். உழைக்கும் உடலைப் பதிய இவ்வகைக் கருவியால் இயலாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. இயலும். கருவியின் விருப்பத்துக்கு எதிராக ஒருவர் அதை இயக்க வேண்டும் என்பதே இங்குச் சொல்லப்படுவது. மூன்று மாதிரிகளிலும் அதற்கான வழி எஞ்சியிருந்தது. எச்.சி.1இன் தொடுதிரையில் முகத்தின்மேல் விரலை வைத்தால், அந்த இடத்தைக் கொண்டே ஒளியளவை முடிவுசெய்து நிறுத்திக்கொள்ளும். பின்னணிப் பனி வெளுத்து மறையும், முகம் தெரியும். மலைக்காட்சி கெட்டுப்போன அந்தச் சட்டகத்தைத் தவறான படம் என்றே கருவி கணக்கிடும்.

விரியும் சிறு திரையும் குறிப்பிடத்தக்கது. அதை முன்பக்கமாகத் திருப்பினால் படமெடுக்கப்படுபவர் தம்மைத் தாமே பார்க்கலாம். குடும்பத்தார் தம் தலையை வாரிக்கொள்ள வைத்த வசதி அது. வயலில், தம்மை எப்படி எடுக்கிறார்கள் என்று அறிந்து வேண்டாமென்று சொல்லும் உரிமையாகவும் அது மாறக்கூடும். பெரிய திரைப்படக் கேமராவுக்கு முன் நிற்கும் ஊரார் யாருக்கும் அது கிடைப்பதில்லை. வடிவமைப்பாளர் நினையாத பயன். இம்மாதிரிகளின் எல்லா வசதிகளிலும் இதுவே மேலானது என்று கருத இடமுண்டு.

கடைசியாகத் தொலைவு. மூடுபனியில் ஒரு பொருளின் ஒளி-நிழல் வேறுபாடு தொலைவு கூடக் கூட மடங்கு மடங்காகக் குறையும். பத்து மடங்கு உருப்பெருக்கம் முகத்தைப் பெரிதாக்கும்; இடையிலுள்ள பனியை நீக்காது. கிளாவரைச் சாலையோரம் நின்றபடி கீழ்த்தட்டு வயலிலிருப்பவரை இழுத்துப் பிடிப்பதற்கும், அவரருகே போய் விரிகோணத்தில் பிடிப்பதற்கும் இடையே எத்தனை மீட்டர் பனி என்பதே படத்தின் தெளிவைத் தீர்மானிக்கிறது. அருகில் போனால் துளையற்ற எச்.சி.3இன் ஒலிவாங்கிக்குக்கூட அவர் பேசுவது கேட்கும். அதற்குச் சாலையிலிருந்து இறங்கி, நான்கைந்து படித்தட்டுகள் கடந்து, வயலில் கால்வைக்கும் முன் அவரிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.